ஆடி மாத வேலை: மண்டபத்து ஆக்சஸ் பாயின்ட்களுக்கு எச்டிடிபிஎஸ்

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம். மேடையில் ஐயர் கெட்டிமேளத்துக்குக் கை காட்டிய நேரத்தில் யூடியூப் நேரலை நின்றுபோனது. பெண்ணின் பாட்டி முழங்கால் ஆபரேஷன் முடிந்து சிங்கப்பூரில் மகன் வீட்டில் படுத்திருந்தார். பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க அவருக்கு இருந்த ஒரே வழி அந்த நேரலைதான். வீடியோக்காரர் லேப்டாப்பில் தேடித் தேடிப் பார்த்தார். மண்டபத்து வைஃபையின் பெயரே பட்டியலில் இல்லை. அதே இடத்தில், முழு சிக்னலோடு, யாரோ விளையாட்டாக வைத்த வேறொரு பெயர் நின்றது. மேனேஜர் அண்ணன் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துப் போட்டார். மாறிய பெயர் மாறியபடியே இருந்தது. வீடியோக்காரர் தன் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு நேரலையை மீட்டபோது, அட்சதை போட்டவர்கள் பந்திக்கு எழுந்துவிட்டார்கள்.

மண்டபம் கும்பகோணம் பக்கம், என் தாய்மாமாவுடையது. வைஃபை நான் போட்டுக் கொடுத்தது. மாமா திட்டவில்லை. "மாப்ள, அந்தப் பாட்டி பாக்கல இல்ல?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வி போதுமாக இருந்தது.

இருப்பவை மூன்று ஆக்சஸ் பாயின்ட், அதாவது வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டிகள்: முகூர்த்த ஹாலில் ஒன்று, சாப்பாட்டு ஹாலில் ஒன்று, மாடி அறைகளுக்கு ஒன்று. மூன்றும் 580 மெகாஹெர்ட்ஸ் சிப் வைத்த சாதாரணப் பெட்டிகள். மூன்றிலும், முன்னால் இருக்கும் ரூட்டரிலும், ஓபன்டபிள்யூஆர்டி 23.05 என்ற ரூட்டர் மென்பொருளை ஏற்றியிருந்தேன். பெட்டியின் செட்டிங்கை மாற்றும் மேலாண்மைப் பக்கத்தின் பாஸ்வேர்ட் 14 எழுத்து, ஊகித்துக் கண்டுபிடிக்கக் கூடியது இல்லை. அப்படியிருந்தும் உள்ளே வந்திருக்கிறார்கள். யார் என்று பார்க்கலாம் என்றால், பெட்டியின் பதிவேடு ராமில்தான் இருக்கும். சுவிட்சை அணைத்தபோது அதுவும் போய்விட்டது.

அன்று காலை என்ன நடந்தது என்று அண்ணனிடம் உட்கார்ந்து கேட்டேன். சாப்பாட்டு ஹாலில் நெட் மந்தம் என்று யாரோ சொல்ல, அவர் தன் போனிலிருந்தே மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து பெட்டியை ரீஸ்டார்ட் செய்திருக்கிறார். போன் இருந்தது விருந்தாளிகள் இருக்கும் அதே வைஃபையில். பக்கம் திறந்தது மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ்ஸில் இல்லை, வெறும் எச்டிடிபியில், 80ஆம் போர்ட் என்ற வாசலில். அதாவது அந்த 14 எழுத்தும் மறையாக்கம் எதுவும் இல்லாமல் காற்றில் போயிருக்கிறது.

"வைஃபைக்கே பாஸ்வேர்ட் இருக்கே தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. இந்த இடத்தில்தான் பலரும் ஏமாந்து போகிறோம், நானும் ஏமாந்தேன். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் ஒரே பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுக்கும்போது, ஒவ்வொரு போனுக்கும் தனிச் சாவி உருவாவது உண்மை. ஆனால் அந்தச் சாவி எதிலிருந்து உருவாகிறது? எல்லோருக்கும் தெரிந்த அந்த பாஸ்வேர்டிலிருந்தும், இணையும் நேரத்தில் வெளிப்படையாகப் பரிமாறிக்கொள்ளும் எண்களிலிருந்தும். பாஸ்வேர்ட் தெரிந்தவர், ஒரு போன் இணையும் அந்த நான்கு செய்திகளைப் பிடித்துவிட்டால், அந்தப் போனின் போக்குவரத்தைப் பிரித்துப் படித்துவிடலாம். எங்கள் வைஃபை பாஸ்வேர்ட் வரவேற்பு மேசையில், சந்தனக் கிண்ணத்துக்கும் கல்கண்டுத் தட்டுக்கும் நடுவில், லேமினேட் செய்த அட்டையில் நின்றிருந்தது.

சொன்னால் மட்டும் போதாது என்று, மாமாவின் அனுமதியோடு காலி மண்டபத்தில் சோதித்துக் காட்டினேன். என் லேப்டாப்பில் வயர்ஷார்க், நெட்வொர்க்கில் போகும் தகவலைப் பிடித்துக் காட்டும் மென்பொருள். அண்ணன் போனில் வைஃபையை அணைத்துப் போட்டு, வழக்கம்போல உள்ளே நுழைந்தார். பத்து வினாடிக்குள் திரையில் ஒரு வரி (லூசி என்பது அந்த மேலாண்மைப் பக்கத்தின் பெயர்): லூசி_யூசர்நேம் சமக்குறி ரூட், அடுத்து லூசி_பாஸ்வேர்ட் சமக்குறி, அதன் பின்னால் அந்த 14 எழுத்தும் அப்படியே. அண்ணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். கடைசி எழுத்துக்கு வந்ததும் விரலை எடுத்துவிட்டார்.

ஆடி பிறந்தது. ஆடியில் மண்டபத்தில் கல்யாணம் கிடையாது. வெள்ளையடிப்பது, பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது எல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான். வைஃபையையும் அந்தக் கணக்கில் சேர்த்தேன்.

முதலில் சுலபமானதைச் செய்தேன். யூஎச்டிடிபிடி என்பதுதான் ஓபன்டபிள்யூஆர்டி-யில் மேலாண்மைப் பக்கத்தைப் பரிமாறும் சர்வர். 21.02 பதிப்பிலிருந்தே எச்டிடிபிஎஸ் கூடவே வந்துவிடுகிறது, 443ஆம் போர்ட்டில் காத்திருக்கிறது. ஆனால் 80-இல் வருபவரை அங்கே திருப்பிவிடும் செட்டிங் அணைந்த நிலையில்தான் வரும். அந்த ரீடைரக்ட் எச்டிடிபிஎஸ் வரியை 1 என்று மாற்றி சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பக்கம் திறந்தது, சிவப்பு எச்சரிக்கையோடு. தான் யார் என்று பிரவுசருக்குக் காட்டும் சான்றிதழைப் பெட்டி தனக்குத் தானே போட்டுக்கொண்டது என்பதால் எச்சரிக்கை வரும் என்பது தெரிந்ததே. ஆனால் இதில் இன்னொரு குறையும் இருந்தது: சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டது என்றது பிரவுசர். அன்றைக்குப் போட்ட சான்றிதழ் அன்றைக்கே காலாவதியா?

அரை மணி நேரம் இதிலேயே போனது. காரணம் கடிகாரம். இந்த மாதிரிப் பெட்டிகளில் கம்ப்யூட்டரில் இருப்பதுபோல பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், செட்டிங்குகள் இருக்கும் எட்சி ஃபோல்டரில் உள்ள ஃபைல்களில் கடைசியாக மாற்றிய ஃபைலின் தேதியை எடுத்து நேரமாக வைத்துக்கொள்ளும். அதன்பின் இன்டர்நெட்டில் உள்ள என்டிபி சர்வரிடம் சரியான நேரத்தைக் கேட்கும். ரூட்டராக இல்லாமல் வெறும் ஆக்சஸ் பாயின்டாக வைத்தபோது, வெளியே போகும் வழியான ரூட்டரின் முகவரியை எழுதும் கேட்வே கட்டத்தை நான் காலியாக விட்டிருந்தேன். விருந்தாளிகளின் நெட்டுக்கு அது தேவையில்லை, பாலம் மாதிரி கடந்து போய்விடும். ஆனால் பெட்டி தானே வெளியே போய் நேரம் கேட்க வழியில்லை. அதனால் மூன்று பெட்டியும் 2023-இலேயே நின்றிருந்தன. செட்டிங்கில் சான்றிதழின் ஆயுள் 397 நாள் என்று இருந்தது. 2023-இல் பிறந்ததாக எழுதிக்கொண்ட சான்றிதழ், என் லேப்டாப்பின் 2025-ஐப் பொறுத்தவரை எப்போதோ முடிந்துவிட்டது.

கேட்வேயும், இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸும் போட்டேன், நேரம் சரியானது. பழைய சான்றிதழ் ஃபைல், சாவி ஃபைல் இரண்டையும் அழித்து சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் புதிதாகப் போட்டுக்கொள்ளும். காலாவதி எச்சரிக்கை போனது. முதல் எச்சரிக்கை அப்படியே இருந்தது.

அண்ணனிடம் டேப்லெட்டைக் கொடுத்தேன். திரையில் சிவப்பு முக்கோணம் வந்தது. அவர் படிக்கவே இல்லை. கட்டைவிரல் தானாகக் கீழே போய் அட்வான்ஸ்ட் என்பதைத் தொட்டது, அடுத்து பாதுகாப்பற்ற பக்கத்துக்குச் செல் என்பதைத் தொட்டது. இரண்டு வினாடி இருக்கும். "இது எப்பவும் வர்றதுதானே, வங்கி பக்கத்துல கூட ஒருதடவை வந்துச்சு, தள்ளிட்டுப் போயிட்டேன்" என்றார்.

அங்கேதான் என் வேலையின் அளவு மாறியது. தினமும் வரும் எச்சரிக்கை எச்சரிக்கை இல்லை. நாளைக்கு யாராவது அதே மண்டபத்தில் உட்கார்ந்து, எங்கள் பெட்டி போலவே பொய்ப் பக்கம் ஒன்றைக் காட்டினாலும் வரப்போவது இதே சிவப்பு முக்கோணம்தான், அண்ணனின் கட்டைவிரலும் இதே வழியில்தான் போகும். எச்டிடிபிஎஸ் போட்டு என்ன பயன்? சரியான பெட்டிக்கு எச்சரிக்கை வரவே கூடாது. அப்போதுதான் வரும் நாளில் அவர் நிற்பார்.

ஆகவே சான்றிதழ்களுக்குக் கையெழுத்துப் போடும் சிஏ ஒன்றை மண்டபத்துக்கென்று சொந்தமாக உருவாக்கி, அதைக் கொண்டு மூன்று பெட்டிக்கும் ரூட்டருக்கும் சான்றிதழ் போட முடிவு செய்தேன். லேப்டாப்பில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள் இருந்தால் போதும். சாவி வகை ஈசி, பி-256. ஆர்எஸ்ஏ 2048 என்ற பழைய வகையும் ஓடும், ஆனால் இந்தச் சின்ன சிப்பில் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் கையெழுத்துக் கணக்குக்குத் திணறும். ஈசி-யில் அந்தத் தாமதம் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதில் எல்லோரும் இடறும் ஒரு கல் இருக்கிறது. சான்றிதழில் காமன் நேம் என்ற கட்டத்தில் முகவரியை எழுதிவிட்டால் போதும் என்று பழைய குறிப்புகள் சொல்லும். 2017-இல் வந்த குரோம் 58 முதல் அந்தக் கட்டத்தைப் பிரவுசர் கண்டுகொள்வதே இல்லை. முகவரி சப்ஜெக்ட் ஆல்ட் நேம் என்ற பகுதியில் இருக்க வேண்டும். அதிலும் ஐபி முகவரி என்றால் ஐபி வகையாக எழுத வேண்டும், டிஎன்எஸ் பெயராக எழுதினால் ஏற்காது. இன்னொன்று, மாமா மகளிடம் ஐபோன். ஐஓஎஸ் 13 முதல் சொந்த சிஏ சான்றிதழாக இருந்தாலும் 825 நாளுக்கு மேல் ஆயுள் கூடாது, சர்வருக்கானது என்ற உபயோகக் குறிப்பும் உள்ளே வேண்டும். 800 நாள் போட்டேன். முடியும் தேதியைப் பெட்டியின் அடியில் மார்க்கரால் எழுதி, மண்டபத்து முகூர்த்த டைரியிலும் எழுதிவைத்தேன்.

சிஏ-வைப் பற்றி ஒரு பயம் இருந்தது, இருக்கவும் வேண்டும். ஒரு போனில் நம் சிஏ-வை ஏற்றுகிறோம் என்றால், அந்த சிஏ-வின் சாவியை வைத்திருப்பவர் எந்த வங்கியின் பெயருக்கும் சான்றிதழ் போட்டு அந்தப் போனை ஏமாற்றலாம். அதனால் நேம் கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் என்ற பகுதியில், இந்த சிஏ 192.168.5 என்று தொடங்கும் மண்டபத்து மேலாண்மை முகவரிகளுக்கும், வீட்டு நெட்வொர்க்குகளுக்கென்றே 2018-இல் ஒதுக்கிய ஹோம் புள்ளி ஆர்பா பெயர்களுக்கும் மட்டுமே செல்லும் என்று கட்டுப்படுத்தினேன். ஐபி-க்கு மட்டும் எல்லை போட்டுவிட்டு டிஎன்எஸ்-க்குப் போடாமல் விட்டால் பெயர்கள் எல்லாம் திறந்தே கிடக்கும். இரண்டுக்கும் போட வேண்டும். எல்லா மென்பொருளும் சிஏ-வில் இருக்கும் இந்தக் கட்டுப்பாட்டை மதிக்கும் என்று நம்பியிருக்கவும் கூடாது. எனவே சிஏ சாவியை லேப்டாப்பில் வைக்கவில்லை. பாஸ்வேர்ட் போட்டு ஒரு பென் டிரைவில் எழுதி, மண்டபத்துப் பத்திரங்கள் இருக்கும் மாமாவின் இரும்பு பீரோவில் வைத்தாயிற்று.

ஆண்ட்ராய்டு 11 முதல் ஃபைலைத் தொட்டால் சிஏ ஏறாது. செட்டிங்ஸில் செக்யூரிட்டி, அதற்குள் கிரெடென்ஷியல்ஸ், அதற்குள் இன்ஸ்டால் எ சர்டிபிகேட், அதில் சிஏ சர்டிபிகேட் என்று நாமே நடந்து போக வேண்டும். ஐபோனில் ப்ரொஃபைல் ஏற்றிய பிறகும் அபவுட் பக்கத்தின் அடியில் சர்டிபிகேட் டிரஸ்ட் செட்டிங்ஸில் ஒரு சுவிட்சைப் போட வேண்டும். அதை மறந்து இருபது நிமிடம் சான்றிதழைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதல் பெட்டியில் பூட்டுக் குறி சுத்தமாக வந்தது. அண்ணன் டேப்லெட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எதுவுமே கேக்கலையே" என்றார். அதுதான் எனக்கு வேண்டியது.

அடுத்தது, விருந்தாளிகள் இந்தப் பக்கத்தின் வாசலுக்கே வராமல் செய்வது. ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க் ஓட்டும் விலான் பிரித்து, மேலாண்மைக்கு 192.168.5 வரிசை, விருந்தாளிகளுக்கு 192.168.20.0/22. வழக்கமான வரிசையில் 254 முகவரிதான். பெரிய முகூர்த்தத்தில் போன்கள் அதைத் தாண்டிவிடும், பிறகு வருபவருக்கு முகவரியே கிடைக்காது. /22 போட்டால் 1022 கிடைக்கும். பெட்டியில் விருந்தாளி விலானுக்கு ஐபி முகவரியே கொடுக்கவில்லை, வெறும் பாலம். ரூட்டரில் விருந்தாளி பக்கத்திலிருந்து 192.168.5-க்குப் போகும் எதையும் மறுக்கும் விதி ஒன்று. நான் செய்த தவறு என்னவென்றால், பழைய 192.168.1 முகவரிகளுக்கு முதலில் சான்றிதழ் போட்டுவிட்டுப் பிறகு முகவரியை மாற்றியது. எல்லாவற்றையும் திரும்பப் போட வேண்டியதாயிற்று. முகவரித் திட்டம் முதலில், சான்றிதழ் பிறகு.

பெரிய அடி அதற்கு அடுத்த நாள். சர்வர் எல்லா முகவரியிலும் காது கொடுக்காமல் மேலாண்மை முகவரியில் மட்டும் கேட்கட்டும் என்று, லிசன் எச்டிடிபிஎஸ் வரியில் 0.0.0.0 என்றிருந்ததை மாற்றினேன். 192.168.5.2 என்று எழுத வேண்டியதை 192.168.50.2 என்று எழுதிவிட்டேன். அந்த முகவரி பெட்டியிலேயே இல்லை. கேட்க ஒரு சாக்கெட்டும் கிடைக்காததால் சர்வர் எழுந்திருக்கவே இல்லை. கமாண்ட் வரியில் நுழையும் எஸ்எஸ்எச்-சில் போய்ச் சரி செய்யலாம் என்றால், அதையும் அரை மணி முன்னால்தான் மேலாண்மை விலானுக்கு மட்டும் என்று கட்டியிருந்தேன். சுவிட்சில் அந்த போர்ட்டுக்கு விலான் டேக் இன்னும் போடவில்லை. இரண்டு கதவையும் உள்ளே இருந்தபடி நானே பூட்டிவிட்டேன்.

பெட்டி இருப்பது முகூர்த்த ஹாலின் நடுக்கூரையில், சர விளக்குக்குப் பக்கத்தில், 16 அடி உயரத்தில். வெள்ளையடிக்க வந்தவர்களின் ஏணி இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஏறிக் கழற்றிக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் உட்கார்ந்தேன். கரண்ட் கொடுத்ததும் எல்இடி மின்னத் தொடங்கும். அந்தச் சில வினாடிக்குள் பட்டனை அழுத்தினால் மின்னல் வேகமாகும், ஃபெயில்சேஃப் என்ற அவசர நிலையில் எழும். லேப்டாப்புக்கு 192.168.1.10 என்று நிலையான முகவரி கொடுத்து, கேபிளில் 192.168.1.1-க்கு எஸ்எஸ்எச். மவுண்ட்_ரூட் என்று கொடுத்தால் செட்டிங் ஃபைல்கள் கண்ணில் படும். அந்த ஒரு பூஜ்ஜியத்தை அழித்து ரீபூட் செய்தேன்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். வெப் பக்கத்தில் செய்யும் மாற்றங்களுக்கு, தொடர்பு அறுந்தால் 90 வினாடியில் பழைய நிலைக்குத் திரும்பும் வசதி இருக்கிறது; கமாண்ட் வரியில் செய்பவற்றுக்கு இல்லை. அதனால் கை வைக்கும் முன் செட்டிங் ஃபோல்டரை நகலெடுத்து வைக்கிறேன். பத்து நிமிடம் கழித்து நகலைத் திரும்ப வைத்து ரீபூட் செய்யும் வரி ஒன்றை, குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் கிரானில் எழுதுகிறேன். எல்லாம் சரியாக நடந்தால் அந்த வரியை அழிக்கிறேன். நான் பூட்டிக்கொண்டால் பெட்டியே கதவைத் திறக்கும். கடிகாரம் சரியாக இருந்தால்தான் இதுவும் நடக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

80ஆம் போர்ட்டை இதற்கு முன்பே முழுவதும் மூடியிருந்தேன். திருப்பிவிடுவதற்காக அதைத் திறந்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. முதல் கதவு மறையாக்கம் இல்லாமல் இருக்கும்போது, நடுவில் நிற்பவர் அதில்தான் கை வைப்பார். எப்போதும் எச்டிடிபிஎஸ்ஸில்தான் வர வேண்டும் என்று பிரவுசரிடம் சொல்லிவைக்கும் எச்எஸ்டிஎஸ் இங்கே உதவாது, வெறும் ஐபி முகவரிக்கு அது பொருந்தாது. முகவரியை மட்டும் தட்டினால் குரோம் எச்டிடிபியில்தான் போய் நிற்கும். ஆகவே அண்ணனின் டேப்லெட் முகப்பிலேயே எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும் மூன்று குறுக்குவழிகள்: மேடை, பந்தி, மாடி.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்எஸ்எச்-சில் பாஸ்வேர்டை நிறுத்தி சாவி மட்டும். மூன்று பெட்டியின் பதிவேடும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேர்கிறது, இனி சுவிட்சை அணைத்தாலும் அழியாது. டேப்லெட், வீடியோக்காரர், ஆபீஸ் மூன்றுக்கும் தனித்தனிப் பெயரில் வைஃபை. அதில் டேப்லெட்டுக்கும் ஆபீஸுக்கும் டபிள்யூபிஏ3: பாஸ்வேர்ட் தெரிந்தவராலும் பக்கத்துப் போனின் போக்குவரத்தைப் படிக்க முடியாது. விருந்தாளிகளுக்கு மட்டும் பழைய போன்களை நினைத்து டபிள்யூபிஏ2-வை விட்டுவைத்தேன். சந்தனக் கிண்ணத்துப் பக்கத்து அட்டை அங்கேயே இருக்கிறது.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு நானும் போயிருந்தேன். என் போனில் விருந்தாளி வைஃபையைப் போட்டு மூன்று முகவரியையும் தட்டிப் பார்த்தேன், ஒன்றும் திறக்கவில்லை. நேரலை நாதஸ்வரம் முதல் பந்தி வரை நிற்காமல் ஓடியது.

இரண்டு வாரம் கழித்து, ஒரு முகூர்த்த நாள் காலை ஐந்தரைக்கு அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, மாடி பெட்டியத் தொட்டா சிவப்பா வருது. முக்கோணம். நான் எதையும் அமுக்கல."

"என்ன எழுதியிருக்கு படிங்கண்ணே."

ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்ற செய்தி. டேப்லெட் நான்கு நாள் சார்ஜ் இல்லாமல் அலமாரியில் கிடந்து, அணைந்து, தேதி பழைய வருடத்துக்குப் போயிருந்தது. தேதியைச் சரி செய்யச் சொன்னேன். பின்னால் மேளக்காரர் சுதி சேர்ப்பது போனில் கேட்டது.

"வந்துடுச்சு தம்பி. பூட்டு வந்துடுச்சு" என்று வைத்துவிட்டார்.